ஜப்பானிய மொழிக்கு வகுப்பு வேண்டுமா, போன் போதாதா? கோத்தகிரியிலிருந்து வந்த கேள்விக்கு

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் கிராமத்திலிருந்து, கேட்டிருக்கிறீர்கள். நர்சிங் டிப்ளமோ முடித்தாயிற்று. குன்னூரில் வாரம் இரண்டு நாள், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், ஜப்பானிய மொழி ஆரம்ப வகுப்பு தொடங்கப்போகிறது. பஸ்ஸில் போக வரவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும், போனில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது இந்த அலைச்சல் தேவையா என்பது முதல் கேள்வி. தமிழும் ஜப்பானியமும் ஒரே மாதிரி என்கிறார்களே, அப்படியானால் சீக்கிரம் வந்துவிடாதா என்பது இரண்டாவது. மூன்று மாதத்தில் மொழியும் கற்றுக்கொடுத்து முதியோர் பராமரிப்பு வேலைக்கு அனுப்பியும் விடுவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார், நம்பலாமா என்பது மூன்றாவது. மூன்றாக எழுதியிருந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றைத்தான் என்று எனக்குப் படுகிறது: வகுப்பில் உட்கார்ந்தால் மட்டுமே கிடைக்கிற ஏதாவது உண்டா, அதற்காக இருட்டில், மூடுபனியில், காட்டுமாடு குறுக்கே நிற்கும் ரோட்டில் வாரம் இரண்டு தரம் வீடு திரும்பலாமா?

நான் இதே மலையில் பல வருடமாக ஆரம்பநிலை ஜப்பானியம் சொல்லிக்கொடுக்கிறேன். படுகு பேசும் வீட்டுப் பிள்ளைகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகள், கூடலூரிலிருந்து மலையாளம் பேசி வருபவர்கள் என்று கலந்துதான் இருப்பார்கள். மொழி, வகுப்பு, தேர்வு இந்த மூன்றைப் பற்றியும் தயங்காமல் சொல்வேன். விசா, வேலை விஷயத்தில் நான் ஒரு ஆசிரியர் மட்டும்தான். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, அதனால் அங்கே நான் சொல்வதை நீங்கள் ஒருமுறை அரசு அறிவிப்போடு வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போங்கள். முதல் ஐந்தாறு மாதம் வகுப்பு அவசியம், அப்புறம் வேண்டுமானால் போனை வைத்துக்கொண்டு நீங்களே மேலே போகலாம். ஆனால் காரணம் இலக்கணம் இல்லை. தமிழ் பேசுகிறவருக்கு ஆரம்ப இலக்கணம் பாதி கையிலேயே இருக்கிறது. காது, வாய், எழுதும் கை, அப்புறம் யாரிடம் எப்படிப் பேசுவது என்கிற வழக்கம், இந்த நாலும் எதிரே ஒரு ஆள் இருந்து திருத்தாமல் வருவதில்லை.

தமிழ் எந்த அளவுக்கு உதவும்? இதில் உண்மையும் மிகையும் கலந்து கிடப்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். 'நேற்று குன்னூரில் வாங்கிய குடையை பஸ்ஸில் மறந்துவிட்டேன்' என்று ஒரு வாக்கியம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியத்தில் அது 'கினோ குன்னூர் தெ கத்தா கஸா ஓ பஸு நி வஸுரெத்தெ ஷிமாய்மஷித்தா'. கினோ என்றால் நேற்று. 'குன்னூர் தெ' என்றால் குன்னூரில். கத்தா, வாங்கிய. 'கஸா ஓ', குடையை. 'பஸு நி', பஸ்ஸில். வஸுரெத்தெ, மறந்து. ஷிமாய்மஷித்தா, விட்டேன். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. 'வாங்கிய குடை' என்று நாம் பெயரெச்சம் வைக்கிற இடத்தில் அவர்களும் வினையைப் பெயருக்கு முன்னால் அப்படியே கொண்டுவந்து வைக்கிறார்கள், 'மறந்துவிட்டேன்' என்று நாம் 'விடு' சேர்க்கிற இடத்தில் அவர்களும் ஒரு துணைவினை சேர்க்கிறார்கள். 'சாப்பிட்டுப் பார்' என்பதிலுள்ள 'பார்' அங்கேயும் பார்ப்பதற்கான வினைதான். 'வாங்கி வை' என்பதிலுள்ள 'வை' அங்கேயும் வைப்பதற்கான வினைதான். 'வருவேன் என்று சொன்னான்' என்பதில் வரும் 'என்று', 'வருவீர்களா' என்பதில் கடைசியில் ஒட்டும் 'ஆ', இவற்றுக்கெல்லாம் நேருக்கு நேர் ஒன்று உண்டு. வந்தான், வந்தாள், வந்தது என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறும் தொல்லைகூட அங்கே கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆங்கில வழியில் படித்த நம் பிள்ளைகள் ஜப்பானிய வகுப்புக்கு வந்ததும் தமிழை வாசலில் விட்டுவிட்டு ஆங்கிலத்தின் வழியாக யோசிக்க ஆரம்பிக்கிறார்கள், பாடப்புத்தகத்தின் விளக்கக் குறிப்பு ஆங்கிலத்தில் இருப்பதால். 'எனக்கு ஜப்பானிய மொழி புரியும்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். தமிழில் 'மொழியை' என்று நாம் சொல்வதில்லை, மொழிதான் அங்கே எழுவாய். ஜப்பானியத்திலும் அந்த இடத்தில் 'ஐ' உருபுக்கான 'ஓ' வராது, 'கா' என்ற எழுவாய் உருபுதான் வரும். ஆங்கிலம் வழியாக வருகிறவர் மாதக்கணக்கில் 'ஓ' போட்டுக்கொண்டிருப்பார், தமிழில் யோசிப்பவருக்கு முதல் நாளே சரியாக வரும். உங்கள் நோட்டில் அர்த்தத்தைத் தமிழில் எழுதுங்கள். வீட்டில் படுகு பேசுகிறீர்கள் என்றால் அதில் எழுதினாலும் சரி, அமைப்பு அதேதான்.

ஆனால் 'ஒரே மாதிரி' என்பதும் 'ஒரே குடும்பம்' என்பதும் வேறு வேறு. ககுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சுசுமு ஓனோ, 1980களில் தொடங்கி, தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று விரிவாக எழுதினார். தமிழறிஞர் பொற்கோ அந்த ஆய்வில் அவரோடு சேர்ந்து உழைத்தவர். நம் ஊரில் இது முடிந்துபோன உண்மை மாதிரி மேடைகளில் சொல்லப்படுகிறது. பெரும்பாலான ஒப்பீட்டு மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. மேலே நான் காட்டிய அமைப்பு கொரிய மொழியிலும் துருக்கி மொழியிலும்கூட பெருமளவு உண்டு, அதனால் அமைப்பை மட்டும் வைத்து உறவு பேச முடியாது. கற்கிறவருக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. உறவோ இல்லையோ, ஒற்றுமை கண்ணெதிரே இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் 'தமிழ் தெரிந்தால் ஜப்பானியம் தானாக வரும்' என்று யாராவது சொல்லி உங்களிடம் கட்டணம் வாங்கினால் நம்பாதீர்கள்.

தானாக வராத இடம் ஒலி. வகுப்பு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான். மேலே நான் எழுதிய குடை வாக்கியத்தில் மூன்று இடத்தில் 'த்த' வருகிறது: கத்தா, வஸுரெத்தெ, மஷித்தா. முதலாவதில் மட்டும்தான் அது உண்மையில் இரட்டிப்பது. மற்ற இரண்டிலும் ஒற்றைத் 'த', ஆனால் 'தலை' என்பதன் முதல் எழுத்துப்போல வல்லோசையாக ஒலிக்க வேண்டும். அதை ஒற்றையாக எழுதினால் தமிழ்க் கண் 'கதை'யில் வருகிற மாதிரி மெலித்துப் படிக்கும், இரண்டாக எழுதினால் அழுத்திப் படிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை எழுதத் தமிழ் எழுத்தில் வழியில்லை, ஏனென்றால் நம் மொழிக்கு அது தேவைப்படவில்லை. ஜப்பானியத்தில் மூன்றும் தனித்தனி. 'ஸக' என்பதை வல்லோசையோடு ஒற்றையாகச் சொன்னால் ஏற்றம், மேடான பாதை. அழுத்தி 'ஸக்க' என்றால் எழுத்தாளர். வந்து என்பதற்கான சொல்லில் 'த'வை அழுத்திவிட்டால் தபால்தலை ஆகிவிடும். அதனால்தான் தமிழ் எழுத்தில் ஜப்பானியம் எழுதிப் படிக்கும் பழக்கத்தை முதல் இரண்டு வாரத்துக்கு மேல் நான் அனுமதிப்பதில்லை. உங்களுக்கு இங்கே எழுதிக்காட்டுவதற்கு வேறு வழியில்லாததால் எழுதுகிறேன், இதைப் பார்த்து உச்சரிக்கப் பழகாதீர்கள்.

இன்னொன்று மெல்லினத்துக்குப் பின்னால் வருவது. தமிழில் 'ங்க', 'ம்ப', 'ந்த' என்று வந்தால் வல்லெழுத்து மெலிந்துதான் ஒலிக்கும், நம் வாய் அப்படியே பழகிவிட்டது. நலமா என்று கேட்பதற்கு முதல் வாரமே கற்றுக்கொள்கிற சொல்லில் இது வந்து மாட்டுகிறது: 'கென்' என்று சொல்லி, ஒரு இமைப்பொழுது நிறுத்தி, 'கி' என்பதைக் 'கிளி'யின் கி போலச் சொல்ல வேண்டும். வகுப்பில் பத்துப் பேரில் ஒன்பது பேர் 'கெங்கி' என்று 'சங்கு' மாதிரி சொல்வார்கள். தாங்கள் அப்படிச் சொல்வது அவர்கள் காதுக்கே தெரியாது, அதுதான் பிரச்சினை. போன் செயலி பெரும்பாலும் இதைச் சரி என்று விட்டுவிடும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் விடமாட்டார். 'ட்ஸு' என்ற ஒலியும் அப்படித்தான், 2004க்குப் பிறகு நாம் எல்லோரும் வாயில் வைத்திருக்கும் 'சுனாமி' ஜப்பானியத்தில் 'ட்ஸு'வில் தொடங்கும் சொல். 'நன்றி' சொல்லும்போது வரும் 'கோஸாய்மஸு'வில் உள்ள அதிர்வொலி நம் எழுத்தில் கிடையாது, 'ஸ' என்றும் 'ஜ' என்றும் இல்லாமல் நடுவே வர வேண்டும். மறுபக்கம், குறில் நெடில் வேறுபாட்டில் நாம் ராஜாக்கள். 'ஒபஸன்' என்றால் அத்தை வயதுப் பெண், 'ஒபாஸன்' என்றால் பாட்டி. ஆங்கிலம் பேசுகிறவர்கள் தடுமாறும் இந்த இடத்தில் நம் பிள்ளைகள் முதல் தடவையே சரியாகப் பிடிப்பார்கள்.

எழுத்து பற்றிப் பயப்பட வேண்டாம். ஒலியெழுத்து இரண்டு வகை: ஹிரகானாவில் 46 அடிப்படை எழுத்து, அயல்மொழிச் சொற்களை எழுதும் கதகானாவில் 46. உயிர்மெய் வரிசை போட்டு வளர்ந்தவருக்கு அ-இ-உ-எ-ஒ வரிசை பழகிய விஷயம். ஹிரகானாவை எல்லோரும் உற்சாகமாகக் கற்றுவிட்டு, கதகானாவை அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். உங்கள் பெயர், ஊர், மருந்துப் பெயர், ஆஸ்பத்திரியில் புழங்கும் பாதிச் சொற்கள் கதகானாவில்தான் வரும். அதில் 'ஷி'யும் 'ட்ஸு'வும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், இரண்டு சின்னக் கோடும் ஒரு நீளக் கோடும். வித்தியாசம் கையின் போக்கில் இருக்கிறது. 'ஷி'யில் சின்னக் கோடுகள் இடது ஓரமாக ஒன்றன்கீழ் ஒன்று நிற்கும், நீளக் கோட்டைக் கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். 'ட்ஸு'வில் சின்னக் கோடுகள் மேலே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், நீளக் கோடு மேலிருந்து கீழே இறங்கும். பேனா எங்கே தொடங்கியது என்று எழுதி முடித்த பிறகு பார்த்தால் தெரியாது, எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். சீனத்திலிருந்து வந்த 'கஞ்சி' எழுத்துகள் பிறகு. அரசு பொதுப் புழக்கத்துக்கு என்று வைத்திருக்கும் பட்டியலில் 2136 உண்டு, அதை நினைத்து இப்போதே மலைக்க வேண்டாம், முதல் வருடத்துக்கு நூறு, நூற்றைம்பது போதும்.

எண்ணுவதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். நாம் ஆட்களை மட்டும் 'மூன்று பேர்' என்று பிரித்து எண்ணுகிறோம், அவர்கள் நீளமானது, தட்டையானது, சின்னப் பிராணி என்று எல்லாவற்றையும் பிரித்து எண்ணுவார்கள், எண்ணும்போது ஒலியும் மாறும். மழைக்காலத்தில் வகுப்பு மூலையில் சாத்திவைத்த குடைகளை எண்ணச் சொல்வேன்: இப்போன், நிஹோன், ஸம்போன். ஒன்றுக்குப் 'ப்போ', இரண்டுக்கு 'ஹோ', மூன்றுக்கு 'ம்போ'. மூன்றாவதில் நம் வாய்ப்பழக்கமே நமக்கு உதவுகிறது, மெல்லினத்துக்குப் பின் தானாக மெலிந்துவிடும். பணத்தை எண்ணும்போது லட்சம் கிடையாது, பத்தாயிரம்தான் அலகு, அதற்கு 'மன்' என்று பெயர். மாதச் சம்பளம் இரண்டு லட்சம் யென் என்பதை 20 மன் என்பார்கள். வேலைக்குப் போகிற எண்ணம் இருப்பவர் இதை நிறுத்தாமல் சொல்லும் அளவுக்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

இனி பண்பாடு. இதை ஏதோ கிமோனோ, தேநீர்ச் சடங்கு, காகித மடிப்பு என்று ஒரு நாள் நிகழ்ச்சியாக முடித்துவிடும் வகுப்புகள் உண்டு. அதெல்லாம் பார்க்க நன்றாக இருக்கும், எனக்கும் பிடிக்கும், ஆனால் உங்களுக்கு வேண்டிய பண்பாடு வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கொடுப்பது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் அல்லது என் பக்கத்து ஆள் வெளியே கொடுத்தால் ஒரு வினை, வெளியாள் எனக்கோ என் வீட்டாருக்கோ கொடுத்தால் இன்னொரு வினை. தமிழில் இதன் சாயல் உண்டு. 'தா' என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும், 'கொடு' என்பது படர்க்கைக்கும் உரியது என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் சொல்கிறது, நாமும் 'எனக்குத் தா, அவனுக்குக் கொடு' என்றுதான் இயல்பாகப் பேசுகிறோம், மலையாளத்தில் இன்னும் அழுத்தமாக இருக்கிறது, கூடலூர்ப் பிள்ளைகள் இந்தப் பாடத்தை முந்திப் பிடிப்பார்கள். இதைப் பழக்க ஒரு வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தை வகுப்பில் சுற்றவிடுவேன். கையில் வாங்கியவர் 'இவரிடமிருந்து பெற்றேன்' என்று ஒரு வினையில் சொல்ல வேண்டும், கொடுத்தவர் 'அவருக்குக் கொடுத்தேன்' என்று வேறொன்றில், பார்த்துக்கொண்டிருப்பவர் மூன்றாவது விதத்தில். பொட்டலம் என் மேஜைக்கு வரும்போது எல்லோரும் தடுமாறுவார்கள். ஆசிரியரைப் பார்த்து நேராக 'உங்களுக்குக் கொடுக்கிறேன்' என்று அந்தச் சாதாரண வினையில் சொன்னால் ஏதோ தயவு பண்ணுகிற மாதிரி ஒலிக்கும். பேசாமல் இரண்டு கையாலும் நீட்டி 'தோஸோ' என்றால் போதும். நீங்கள் போக நினைக்கும் வேலையில் இது சின்ன விஷயமே இல்லை. எண்பது வயதுப் பெரியவரிடம் 'சட்டை மாட்டிவிடட்டுமா' என்று கேட்கும்போது அந்தக் 'கொடு' வினையைத் துணையாகச் சேர்த்தால் அவரைத் தாழ்த்தியதாகிவிடும். 'உதவட்டுமா' என்று கேட்பதற்குத் தனி வடிவம் இருக்கிறது, அதைத்தான் பழக வேண்டும். அதேபோல, அங்கே இருக்கும் பாட்டியை 'ஒபாஸன்' என்று கூப்பிடக் கூடாது என்றுதான் பராமரிப்புப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள், குடும்பப் பெயரோடு 'ஸன்' என்ற மரியாதைச் சொல் சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். யாரைப் பார்த்தாலும் அக்கா, பாட்டி, ஐயா என்று உறவு வைத்துக் கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இது முதலில் மனசுக்கு ஒட்டாது.

தமிழ் மனசுக்கு முற்றிலும் எதிராக இருப்பது ஒன்று உண்டு. 'எங்க சார் வெளியே போயிருக்காங்க' என்று போனில் வெளியாளிடம் நாம் மரியாதையோடு சொல்வோம், மேலதிகாரி யாரிடம் பேசும்போதும் மேலதிகாரிதான். ஜப்பானில் வெளியாளிடம் பேசும்போது உங்கள் மேலதிகாரி உங்கள் வீட்டு ஆள் மாதிரி. அவர் பெயருக்கு 'ஸன்' கூடச் சேர்க்காமல், பணிவு வடிவத்தில் சொல்ல வேண்டும். அம்மாவையும் அப்படித்தான், என் அம்மாவைப் பற்றி வெளியே பேச ஒரு சொல், உங்கள் அம்மாவுக்கு வேறு சொல். அப்புறம் 'ஹாய்' என்று அவர்கள் இடையிடையே சொல்வது பல நேரம் நம் 'ம்' போலத்தான், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம், சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாமும் பதிலுக்கு அந்த 'ம்' கொடுக்க வேண்டும், கொடுக்காமல் இருந்தால் கவனிக்கவில்லை என்று நினைப்பார்கள். நம் பக்கவாட்டுத் தலையாட்டல் அவர்களுக்கு 'இல்லை' என்றுதான் படும், அதை வகுப்பிலேயே நிறுத்திப் பழகிவிடுவது நல்லது.

சுயஅறிமுகம் ஒன்றை நன்றாகத் தயார்செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு நேர்காணலும் அதில்தான் தொடங்கும். பெயர், படிப்பு என்று மனப்பாடமாக ஒப்பிப்பதைவிட ஊரைப் பற்றிப் பேசுங்கள், நீலகிரிக்காரர்களுக்குப் பேச நிறைய இருக்கிறது. அங்கே ஷிசுவோகா தேயிலைக்குப் பேர்போன மாகாணம். நம் ஊரில் இலையை வாட்டி, உருட்டி, நிறம் மாறவிட்டுக் காயவைக்கிறோம், அவர்கள் பறித்ததும் ஆவியில் வேகவைத்துப் பச்சை நிறத்தைக் காப்பாற்றுகிறார்கள், பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் குடிக்கிறார்கள். இந்தியாவில் பல்சக்கரத்தில் ஏறும் ரயில் நம்முடையது ஒன்றுதான், ஜப்பானிலும் அதே ஆப்ட் முறைப் பல்சக்கரப் பாதை ஒன்றே ஒன்று இருக்கிறது, அதுவும் ஷிசுவோகாவில், ஓய்கவா ரயில்வேயின் இகவா தடத்தில், 1990இல் போட்டது. இந்த இரண்டு விஷயத்தையும் நாலு எளிய வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார், அப்புறம் உரையாடல் தானாக நடக்கும்.

சரி, கால அளவு. ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜேஎல்பிடி தேர்வில் 2010க்கு முன் நான்கு நிலைகள் இருந்தன, அப்போது மிக எளிதான கடைசி நிலைக்குச் சுமார் 150 மணி நேரப் படிப்பு, 800 சொல், 100 கஞ்சி என்றும், அதற்கு அடுத்ததற்கு 300 மணி நேரம், 1500 சொல், 300 கஞ்சி என்றும் தேர்வு நடத்துபவர்களே சொல்லியிருந்தார்கள். இப்போது ஆரம்பநிலையான என்-5 முதல் என்-1 வரை ஐந்து நிலைகள், அப்படிப் பட்டியல் வெளியிடுவதில்லை. ஆனால் இன்றைய என்-5, என்-4 இரண்டும் ஏறக்குறைய அந்தப் பழைய இரண்டு நிலைகளுக்குச் சமம், அதனால் கணக்குக்கு அது உதவும். உங்கள் வகுப்பு வாரம் மூன்று மணி நேரம். வகுப்பை மட்டும் நம்பினால் 150 மணிக்கு ஒரு வருடம். வீட்டில் தினமும் அரை மணி நேரம் சேர்த்தால் ஆறு மாதத்தில் என்-5 எழுதலாம், இது நடக்கிற காரியம். என்-4க்கு அதற்கு மேல் குறைந்தது இன்னொரு ஆறேழு மாதம் வையுங்கள். என்-5இல் 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120க்கு 38, கேட்டலில் 60க்கு 19 தனியாக எடுக்க வேண்டும். பேசச் சொல்ல மாட்டார்கள், எழுதவும் சொல்ல மாட்டார்கள், எல்லாம் விடையைக் குறிப்பதுதான். அதனால்தான் தேர்வுக்காக மட்டும் நடக்கும் வகுப்பில் பாஸ் செய்துவிட்டு ஒரு வாக்கியம் பேச முடியாமல் நிற்பவர்களைப் பார்க்கிறோம். நீங்கள் சேரப்போகும் வகுப்பில் முதல் நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் மாணவர்கள் வாய் திறந்த நேரம் பாதியாவது இருந்ததா என்று கவனியுங்கள். இல்லையென்றால் அந்தப் பஸ் கட்டணத்துக்குப் போனே மேல்.

போனை ஒதுக்கச் சொல்லவில்லை. எழுத்து, சொல் மனப்பாடத்துக்கு நினைவு அட்டைச் செயலிகளைவிட நல்ல வழி கிடையாது, பஸ்ஸில் போகும் அந்த நேரமே அதற்குப் போதும். வளைவில் வாந்தி வருகிறவர் என்றால் திரையைப் பார்க்காமல் ஒலிப்பதிவு கேளுங்கள், வழியில் சிக்னல் போய்விடும் என்பதால் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் ஃபவுண்டேஷன் 'இரோதோரி' என்ற பாடநூலை ஒலிப்பதிவோடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஜப்பானில் வாழ்ந்து வேலை செய்யப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது, உங்களுக்குப் பொருந்தும்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: குறிப்பிட்ட திறன் தொழிலாளர் என்ற விசா வகையை ஜப்பான் 2019 ஏப்ரலில் கொண்டுவந்தது, 2021 ஜனவரியில் இந்தியா அதற்கு ஒப்பந்தம் போட்டது. முதியோர் பராமரிப்புக்கு, அதாவது கைகோவுக்கு, அந்த வகையில் போக ஜேஎல்பிடி என்-4 அல்லது அடிப்படை ஜப்பானியத்துக்கான ஜேஎஃப்டி பேசிக் தேர்வில் 250க்கு 200 வேண்டும், கூடவே பராமரிப்புத் திறன் தேர்வு ஒன்று, பராமரிப்புக்கான மொழித் தேர்வு ஒன்று. அந்த விசாவின் முதல் வகையில் மொத்தம் ஐந்து வருடம் வரை இருக்கலாம், குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. இன்னொன்றும் தெளிவாக இருக்கட்டும்: கைகோ என்பது நர்ஸ் வேலை இல்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, படுக்கையில் திருப்பிவிடுவது. உங்கள் டிப்ளமோ அறிவு கை கொடுக்கும், ஆனால் பதவி நர்ஸ் இல்லை, அங்கே நர்ஸாக வேண்டுமானால் அவர்கள் தேசியத் தேர்வை ஜப்பானிய மொழியில் எழுதித் தேற வேண்டும். மூன்று மாதம் போதுமா என்றால், விடுதியில் தங்கி நாள் முழுக்க, வாரம் ஆறு நாள் படிப்பவருக்கு மணிக்கணக்கில் அது ஒருவாறு சேரும். வாரம் மூன்று மணி நேரத்தில் சேராது. இரண்டையும் குழப்பி யாராவது வாக்குக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள். அவர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணை வாங்கிப் பாருங்கள், பயிற்சிக் கட்டணம் எவ்வளவு, அனுப்பும் சேவைக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள், அசல் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் 'பத்திரமாக இருக்கட்டும்' என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

ஜேஎல்பிடி ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும், சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற அமைப்பு நடத்துகிறது. பதிவு சில மாதம் முன்பே முடிந்துவிடும், கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். டிசம்பர்த் தேர்வு வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருவதால் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோகிற சமயம் அது. வெள்ளிக்கிழமையே மலை இறங்கி மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டால் சனிக்கிழமை காலையில் சென்னையில் இருப்பீர்கள். ஞாயிறு வரை ஓய்வு கிடைக்கும். அப்புறம், இருட்டில் திரும்புவதுதான் வீட்டில் கவலை என்றால் வகுப்பு நடத்துபவர்களிடம் சனிக்கிழமை பகலில் சேர்த்து மூன்று மணி நேரமாக வைக்க முடியுமா என்று கேளுங்கள். கோத்தகிரி பக்கத்திலிருந்து உங்களோடு இன்னும் நாலு பேர் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.